முள், நரம்பு, தக்கை, ஈயம்

ஒகேனக்கல்லில் காவிரிக்கு நடக்கத் தெரியாது. பாறை இடுக்குகளில் பாய்ந்து, விழுந்து, புகையாக எழும்பி, அடுத்த பள்ளத்தில் மறுபடி குதிக்கும். கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. புகையும் கல் என்பதுதான் ஊரின் பெயர். அதே ஆறு கீழே இறங்கி, ஏரியூர்ப் பக்கம் நாகமரையை அடையும்போது ஏரி மாதிரி படுத்துவிடுகிறது. அங்கே அது மேட்டூர் அணையின் தேக்கம். இக்கரை தருமபுரி மாவட்டம், அக்கரையில் சேலம் மாவட்டத்துப் பண்ணவாடி. நடுவில் அசையாத அகலமான தண்ணீர்.

ஒகேனக்கல் சுழலுக்குக் கட்டிய தூண்டிலை அப்படியே எடுத்துவந்து நாகமரையில் போட்டால், கனத்த ஈயம் சேற்றில் புதைந்து கிடக்கும். மீன் இரையைத் தின்றுவிட்டுப் போனது கரைக்குத் தெரியவே தெரியாது. நாகமரைத் தக்கையை ஒகேனக்கல்லில் போட்டாலோ, போட்ட வேகத்தில் அடித்துக்கொண்டு வந்து கரைப் பாறையில் ஒட்டிக்கொள்ளும். ஆறு ஒன்றுதான், பெயரும் ஒன்றுதான். தூண்டிலுக்கு மட்டும் அவை இரண்டு வேறு உலகங்கள்.

தூண்டில் வாங்கப் போகும் புதியவர் கடைக்குள் நுழைந்ததும் கை வைப்பது கோலின் மேல். பளபளக்கும் ராடும் ரீலும் யாரையும் இழுக்கும். உண்மையில் கடைசியாக எடுக்க வேண்டிய பொருள் அது. முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர். அடுத்தது, அந்தத் தண்ணீரில் இருக்கும் மீனின் வாய். வாய்க்கு ஏற்ற முள், முள்ளுக்கு ஏற்ற நரம்பு, தண்ணீரின் வேகத்துக்கு ஏற்பத் தக்கையா ஈயமா என்ற தீர்மானம், இவ்வளவும் முடிந்த பிறகு இவற்றைத் தாங்கக் கூடிய ஒரு கோல். கடைக்காரர் விற்கும் வரிசை இதற்கு நேர் எதிராக இருக்கும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை; லாபம் கோலில்தான்.

மீனின் வாயைப் படிக்க ஆற்றுக்குக் கூடப் போக வேண்டாம், சந்தையில் மீன் கடை முன்னால் ஐந்து நிமிடம் நின்றால் போதும். கட்லாவின் வாய் மேல்நோக்கித் திறந்திருக்கும், கீழ்த்தாடை துருத்திக்கொண்டு. தண்ணீரின் மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும் மீன் அது. ரோகுவின் உதடு தடித்து, ஓரத்தில் கொஞ்சம் சுருக்கம் வைத்துத் தைத்தாற்போல் இருக்கும். அது நடுமட்டத்தில் மேயும். மிர்காலின் வாய் கீழ்ப்பக்கம். அடிமண்ணைத் துழாவித் தின்பது அதன் வழக்கம். மூன்றும் ஒரே அணையில் ஒன்றாகவே விடப்படுபவை. பசிக்கும்போது மூன்றும் மூன்று மாடிகளில் உட்கார்ந்து சாப்பிடுகின்றன. இரை எந்த ஆழத்தில் தொங்க வேண்டும் என்ற கேள்விக்குப் பாதி விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது.

ஜிலேபி மீனின் வாய் சிறியது. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அந்த மீன் 1952-ல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டு, இன்று ஏரி குளம் கிணறு எதையும் விட்டுவைக்கவில்லை. நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்று அதன் மேல் நியாயமான குற்றச்சாட்டு உண்டு. ஆனாலும் தூண்டில் பழகுபவருக்கு அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. எப்போதும் பசி, எங்கேயும் கூட்டம், எத்தனை பிடித்தாலும் இனம் அழியுமோ என்று கவலைப்பட வேண்டியதில்லை.

முள் என்பது மனிதனின் மிகப் பழைய கருவிகளில் ஒன்று. ஜப்பானின் ஒகினாவாத் தீவில் சகிதாரி என்ற குகையில் கடல் நத்தை ஓட்டைத் தேய்த்துச் செய்த தூண்டில் முட்கள் கிடைத்தன. வயது ஏறத்தாழ 23,000 ஆண்டுகள். பிறை போன்ற அந்த வளைவு இன்றைய எஃகு முள்ளிலும் அப்படியே இருக்கிறது. முள் வாங்கும்போது புதியவரைக் குழப்புவது அதன் எண். எண் கூடக் கூட முள் சிறியதாகும். 12-ஆம் எண் முள் சுண்டுவிரல் நகத்தோடு போட்டி போடும். 4-ஆம் எண் அதைவிடப் பெரியது. 1-ஐத் தாண்டியதும் கணக்கு திரும்பி, 1/0, 2/0, 6/0 என்று போகப் போக முள் பெரிதாகிக்கொண்டே போகும். ஜிலேபிக்கு 10, 12. ரோகு, மிர்காலுக்கு 4, 6. பெரிய வாயைத் திறந்து விழுங்கும் வாளைக்கும் விராலுக்கும் பூஜ்யம் போட்ட எண்கள். பெரிய முள் வைத்தால் பெரிய மீன் வரும் என்பது புதியவர்களின் நம்பிக்கை. சின்ன வாய் மீனுக்குப் பெரிய முள் என்பது வாய்க்குள் போகாத உருண்டைச் சோறு. ஓரத்தைக் கடித்துவிட்டு நகர்ந்துவிடும்.

இனி அசையாத தண்ணீர். வாணியாறு, தொப்பையாறு, நாகாவதி, பஞ்சப்பள்ளி சின்னாறு என்று தருமபுரி மாவட்டத்தில் உள்ள அணைகளின் கரையோரமும் ஊர் ஏரிகளும் இந்த வகை. இங்கே அரசு நடத்துவது தக்கை. உதிர்ந்த மயிலிறகின் தண்டு, நெட்டி, தெர்மாகோல் துண்டு, அறுந்த ரப்பர் செருப்பு எல்லாமே தக்கை ஆகும். ஆனால் எல்லாம் ஒன்றல்ல.

கணக்கு எளிது. ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீரின் எடை 1 கிராம். 5 கன சென்டிமீட்டர் தக்கையை முழுதாக அமுக்க 5 கிராம் எடை வேண்டும் என்று ஆர்க்கிமிடீஸ் எப்போதோ சொல்லிவிட்டார். தக்கையின் சொந்த எடை, ஈயம், முள், இரை எல்லாம் சேர்ந்து நாலரை கிராம் வந்துவிட்டால், மீன் இழுக்க வேண்டியது மீதி அரை கிராம் மட்டுமே. அது வாயைத் திறந்து இரையை உறிஞ்சியதுமே தக்கை முங்கிவிடும். அதே இடத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்குத் தெர்மாகோலைக் கட்டிவிட்டால், ஒவ்வொரு கடிக்கும் மீன் இருபது முப்பது கிராமை எதிர்த்து இழுக்க வேண்டியிருக்கும். மீனுக்குக் கை கிடையாது. எதையும் வாயில் போட்டுத்தான் பார்க்கும், கனம் தட்டினால் தண்ணீரோடு சேர்த்துத் துப்பிவிடும். மயிலிறகுத் தண்டு மெலிந்து நீண்டு நிற்பதால், கொஞ்சம் எடை கூடினாலும் கண்ணுக்குத் தெரிகிற அளவு கீழே இறங்கும். நூற்றுக்கணக்கில் விலை சொல்லும் கடைத் தக்கைகளும் இந்த மெலிந்த வடிவத்தைத்தான் பின்பற்றுகின்றன.

ஏரிக்கரையில் பழகிய கை ஒன்று ஆழத்துக்கு ஏற்பத் தக்கையைப் பொருத்துவதை அருகில் நின்று பார்க்க வேண்டும். நரம்பைத் தண்டின் இரண்டு முனையிலும் சைக்கிள் வால்வு ட்யூப் துண்டால் செருகிப் பிடிக்கும். முள்ளில் இரைக்குப் பதிலாக ஒரு கனத்த நட்டை மாட்டித் தண்ணீரில் விடும். தக்கை முங்கிப் போனால் ஆழம் போதவில்லை என்று பொருள். இரண்டு விரலால் தக்கையை மேலே நகர்த்தும். மறுபடி விடும். தக்கை படுத்துவிட்டால் நட்டு தரையில் உட்கார்ந்துவிட்டது என்று பொருள்; கொஞ்சம் கீழே நகர்த்தும். தக்கையின் நுனி மட்டும் தண்ணீருக்கு வெளியே நிற்கும் இடம் கிடைத்ததும் நட்டைக் கழற்றிவிட்டு மண்புழு. அந்த ஓரத்தின் ஆழம் இப்போது அங்குலக் கணக்கில் கைக்குத் தெரியும். மிர்காலுக்கு இரை தரையைத் தொட வேண்டும், ரோகுவுக்கு ஒரு சாண் மேலே.

கரையில் எப்படி உட்காருகிறோம் என்பதும் கருவியில் சேர்த்தி. ஒளி தண்ணீருக்குள் நுழையும்போது வளைவதால், கீழே இருக்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் ஏறத்தாழ 97 பாகை அகலமுள்ள ஒரு வட்டச் சன்னலுக்குள் சுருங்கித் தெரிகிறது. சன்னலைத் தாண்டினால் தண்ணீரின் மேற்பரப்பு வெறும் கண்ணாடி. தரையை ஒட்டி உட்கார்ந்திருப்பவர் சன்னலின் விளிம்பில் நசுங்கிய ஒரு கோடாகத் தெரிவார். ஏரிக்கரை மேல் நிமிர்ந்து நிற்பவர் முழு ஆளாகத் தெரிவார். காதும் குறைந்ததில்லை. கெண்டை, கெளுத்தி வகை மீன்களுக்குக் காற்றுப்பையிலிருந்து உள்காது வரை சங்கிலியாகச் சிறு எலும்புகள் உண்டு. காற்றுப்பை மேளத் தோல்போல் அதிர, அந்த அதிர்வு காதுக்குப் போகிறது. தேனீக்களின் நடனத்தைப் படித்துப் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வான் ஃபிரிஷ், விசிலடித்தால் வளையை விட்டு வெளியே வரும்படி ஒரு கெளுத்தியைப் பழக்கி, 1923-ல் அதைக் கட்டுரையாகவே எழுதினார். கரையில் தொம் தொம்மென்று நடப்பதும் கல்லைத் தண்ணீரில் தள்ளிவிடுவதும் மீனுக்குக் கொடுக்கும் முன்னறிவிப்பு. செல்போன் பேச்சுக்கு அவ்வளவாகப் பயப்பட வேண்டாம். காற்றில் எழும் ஒலியில் பெரும்பகுதி நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும்.

தேக்கத்துக்கு இன்னொரு குணம் உண்டு. மேட்டூர் அணைத் தேக்கத்துக்கு அடியில் ஒரு காலத்தில் ஊர்கள் இருந்தன. தண்ணீர் வற்றும் ஆண்டுகளில் பண்ணவாடியில் பழைய கோயிலின் நந்தி சிலையும் தேவாலயத்தின் கோபுரமும் வெளியே வந்து நிற்பதைப் பத்திரிகைகள் தவறாமல் படம் போடும். நிரம்பியிருக்கும் காலத்தில் அங்கே தூண்டில் சிக்கினால், அடியில் இருப்பது ஒரு காலத்தில் யாரோ குடியிருந்த வீட்டுச் சுவராகவும் இருக்கலாம். அதனால் இத்தகைய இடங்களில் முள்ளுக்கு மேலே ஒரு முழம் மட்டும் மெலிந்த நரம்பைக் கட்டுவது வழக்கம். சிக்கினால் அந்த முழம் மட்டும் அறும், மீதி கைக்குத் திரும்பும்.

ஓடுகிற தண்ணீரில் தக்கை பதவி இழக்கிறது, ஈயம் பொறுப்பேற்கிறது. தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது ஒரு பொருளைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். வெள்ளம் கொஞ்சம்தான் கூடியிருக்கிறது என்று பார்வைக்குத் தோன்றும் நாளில், நேற்று நின்ற ஈயம் இன்று உருண்டோடுவது இதனால்தான்.

ஈயத்துக்குப் பதிலாக ஒரு கல்லைக் கட்டினால் ஆகாதா? ஆகும்; ஆனால் 30 கிராம் கல்லும் 30 கிராம் ஈயமும் தண்ணீருக்குள் போனதும் சமமில்லை. கல்லின் அடர்த்தி தண்ணீரைப் போல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல், ஈயத்தினுடையது 11 மடங்குக்கு மேல். தண்ணீருக்குள் கல் 19 கிராமாக இளைத்துவிடும்; ஈயம் 27 கிராமுக்கு மேல் நிற்கும். கல் பருமனாக இருப்பதால் ஓட்டம் தள்ளுவதற்கு அகன்ற முகம் வேறு. உருண்டை ஈயம் உருளும், தட்டை ஈயம் படிந்து கிடக்கும்; ஒகேனக்கல் போன்ற பாறைப் படுகையிலோ தட்டை இடுக்கில் புகுந்து மாட்டிக்கொள்ளும். அங்கே கல்லுக்கு ஒரு நன்மை உண்டு. மெலிந்த நூலால் கட்டிய கல் சிக்கினால் நூல் அறுந்து கல் மட்டும் ஆற்றில் தங்கும், காசுக்கும் நட்டமில்லை, ஆற்றுக்கும் நஞ்சில்லை. ஈயம் நஞ்சு. இங்கிலாந்தில் அன்னப் பறவைகள் தூண்டில் ஈயத்தை விழுங்கிச் செத்ததால், 1987-ல் சிறு ஈயக் குண்டுகளுக்குத் தடையே போட்டார்கள்.

நரம்பு பற்றிச் சொன்னால்தான் ஓட்டத்தின் கதை முடியும். கடலோரத்தில் தங்கூசி என்று சொல்லப்படும் நைலான் இழை, 1935-ல் அமெரிக்காவின் டூபான் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழு உருவாக்கிய பொருள். ரப்பர் மாதிரி அது கொஞ்சம் நீளும், சுருங்கும். மீன் வெடுக்கென்று இழுக்கும் அதிர்ச்சியை அந்த நீட்சி வாங்கிக்கொள்கிறது. பின்னல் நூல் அதைவிட மெலிதாக இருந்துகொண்டே கூடுதல் எடை தாங்கும், ஆனால் நீளாது, பாறை விளிம்பில் உரசினால் சட்டென்று அறும். பாறைக்கு நைலான்தான். மெலிந்தால் ஓட்டம் தள்ளுவது குறையும், தடித்தால் உரசல் தாங்கும். இரண்டுக்கும் நடுவில் 0.40 மில்லிமீட்டர் ஒகேனக்கல்லுக்குச் சரியான சமரசம். ஏரி ஜிலேபிக்கு 0.25 போதும்.

நரம்பு அறுவது நடுவில் அல்ல, முடிச்சில். நைலானை உலர்ந்தபடியே இறுக்கினால் உரசல் சூட்டில் அந்த இடம் வெந்து பலவீனப்படும். முடிச்சை இறுக்கும் முன் வாயில் வைத்து எச்சில் படுத்துவதை அழுக்கு என்று முகம் சுளிப்பவர்கள் அந்த நாளின் பெரிய மீனை இழப்பார்கள்.

கலங்கிய தண்ணீர் வந்தால் கண்ணை நம்பும் மீன்கள் ஒதுங்க, மீசையை நம்பும் மீன்கள் வெளியே வருகின்றன. கெளுத்திக்கு நாக்கு வாய்க்குள் மட்டும் இல்லை. மீசையிலும் தோல் முழுவதும் சுவை மொட்டுகள். கெளுத்தி என்பது நீந்தும் நாக்கு. அதனால் புது வெள்ளத்தில் தக்கையை மூட்டை கட்டிவிட்டு, கோழிக்குடலோ மண்புழுக் கொத்தோ ஈயத்தோடு அடியில் போடுவார்கள். பிடித்த பிறகு கவனம் வேண்டும். முதுகிலும் இரண்டு பக்கமும் உள்ள அதன் முட்கள் விரிந்ததும் பூட்டிக்கொள்பவை; அழுத்தினால் மடங்காது. புதியவரின் பையில் ராடைவிட முக்கியமாக ஒரு குறடு இருக்க வேண்டியது இந்த மீனுக்காகத்தான்.

ஒகேனக்கல்லுக்கு என்றே ஒரு கருவி உண்டு, அதற்கு விலை கிடையாது. செய்தித்தாளில் வரும் கன அடிக் கணக்கு. கர்நாடகத்திலிருந்து வரும் நீரை பிலிகுண்டுலுவில் அளக்கிறார்கள். விநாடிக்கு 5,000 கன அடி என்றால் ஒவ்வொரு நொடியும் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் லிட்டர். அந்த எண் மளமளவென்று ஏறும் நாட்களில் மாவட்ட நிர்வாகம் பரிசலையும் குளியலையும் நிறுத்துவது சும்மா இல்லை. மேலே எங்கோ பெய்த மழைக்கு இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே பாறை முழுகும்.

கிணற்றையும் விட்டுவிடக் கூடாது. மாவட்டத்தில் பாறையை வெட்டி இறக்கிய அகலமான பாசனக் கிணறுகள் ஏராளம், அவற்றில் மீன் விட்டு வளர்ப்பவர்களும் உண்டு. இங்கே ஒரு பொறி இருக்கிறது. மீனின் காற்றுப்பை அதைத் தண்ணீருக்குள் கிட்டத்தட்ட எடையற்றதாக வைக்கிறது. மீன் ஓய்ந்துவிட்டால், 2 கிலோ தாங்கும் நரம்பு 3 கிலோ மீனைக் கரை வரை சறுக்கிக்கொண்டு வந்து சேர்க்கும். ஏரியில் அங்கே குனிந்து வலைக்கூடையில் அள்ளிக்கொள்ளலாம். கிணற்றிலோ 20 அடி உயரத்துக்கு அந்தரத்தில் தூக்க வேண்டும். தண்ணீரை விட்டு வெளியே வந்த அந்தக் கணத்தில் 3 கிலோவும் முழுசாக நரம்பில் ஏறும், அதோடு ஒரு துள்ளலும். கிணற்றடியில் "கைக்கு வந்துச்சு, போயிருச்சு" என்று கேட்கும் புலம்பல்கள் எல்லாம் இந்த ஒரு நொடியில் பிறந்தவை.

கடைசியாகக் கோல். பத்தடி மூங்கிலின் அடியை ஒரு கையிலும் அதிலிருந்து ஒன்றரை அடி மேலே இன்னொரு கையிலும் பிடித்திருந்தால், நுனியில் மீன் 1 கிலோ விசையில் இழுக்கும்போது மேல் கை ஆறு ஏழு கிலோவைத் தாங்க வேண்டும். நெம்புகோல் இங்கே மீனின் கட்சி. அப்படியும் நீளக் கோலை ஏன் விரும்புகிறார்கள் என்றால், ஒன்று எட்டும் தூரம், இரண்டு வளைவு. மூங்கிலின் நார்கள் வெளித்தோலை ஒட்டி நெருக்கமாகவும் உள்ளே போகப் போக ஐதாகவும் அமைந்தவை. அதிக இழுவிசை படுவது வளைவின் வெளிப்பக்கம், அங்கேயே நார் அதிகம். உள்ளீடு நிறைந்த கல்மூங்கில் இன்னும் உறுதி. கண்ணாடி இழை ராடும் ரீலும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், ரீலின் பிடியை நரம்பு தாங்கும் எடையில் நான்கில் ஒரு பங்குக்குத் தளர்த்தி வைக்க வேண்டும். மீன் ஓடும்போது அது நரம்பை விட்டுக்கொடுக்கும். பரிசலில் இருப்பவருக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். அடிக்கட்டை இல்லாத வட்டப் படகு என்பதால் பெரிய மீன் இழுத்தால் பரிசலே சுழன்று மீன் பின்னால் போகும், பரிசல்தான் அங்கே ரீல்.

அப்படிப் பரிசலை இழுத்துக்கொண்டு ஓடிய மீன் மகசீர். காவிரிப் படுகையின் மகசீரைத் தேடி வெள்ளைக்காரத் துரைகள் அலைந்தார்கள். சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த எச்.எஸ். தாமஸ் 1873-ல் இந்தியத் தூண்டிலைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார். 1946-ல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் கபினியில் பிடித்த மகசீர் 120 பவுண்டு, ஏறக்குறைய 54 கிலோ. அந்த மீனுக்கு அவர்கள் வைத்த இரைகளில் பெயர் பெற்றது தருமபுரிக்காரர்கள் தினமும் தட்டில் பார்ப்பது. கேழ்வரகுக் களி. இறுகக் கிண்டி, எலுமிச்சை அளவு உருட்டி, பெரிய முள்ளை மூடிப் பிடித்துவிடுவார்கள். ஓடும் தண்ணீரில் கரையாமல் நிற்கும், மணமும் பரவும். பச்சை மாவைப் பிசைந்தால் சற்று நேரத்தில் கரைந்துவிடும். வெந்த மாவில் மாச்சத்து ஊதிப் பசையாகிவிடுவதால் உருண்டை பிடித்துக்கொள்கிறது. ரோகுவுக்கும் மிர்காலுக்கும் இதே களி, பட்டாணி அளவு போதும்.

அந்தத் திமில் முதுகு மகசீர் ஒன்றரை நூற்றாண்டு தூண்டில்காரர்களுக்குத் தெரிந்த மீனாக இருந்தும், அறிவியல் பெயர் சரியாக அமையாமலே இருந்தது. அது டார் ரெமதேவி என்ற இனம் என்று 2018-ல்தான் ஆய்வாளர்கள் உறுதி செய்தார்கள். அதே ஆண்டு பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை மிக அருகிய இனங்களின் பட்டியலில் சேர்த்தது. அணைகள், மணல் அள்ளுதல், வெடி வைத்து மீன் பிடித்தல், நல்லெண்ணத்தில் கொண்டுவந்து விட்ட வேறொரு மகசீர் இனம் எல்லாம் சேர்ந்து அதை ஒடுக்கிவிட்டன; இன்று அதன் முக்கியமான புகலிடம் மோயாறு. காவிரியின் இந்தப் பகுதியைச் சேர்ந்த காடுகளை, கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டருக்கு, தமிழக அரசு 2022 நவம்பரில் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவித்தது. முதலையும் நீர்நாயும் வாழும் இடம் அது. சரணாலய எல்லைக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் தூண்டில் போடக் கூடாது. ஏரிகளிலும் அணைகளிலும் மீன்பிடி உரிமை பெற்றவர் யாரோ ஒருவர் இருப்பார். அவரைக் கேட்டுவிட்டு உட்காருங்கள்.

அனுமதி உள்ள இடத்தில், ஆரஞ்சுத் துடுப்பும் திமிலும் கொண்ட அந்த மீன் எப்போதாவது உங்கள் களி உருண்டையைக் கடித்துவிட்டால், தண்ணீரை விட்டுத் தூக்காமலே ஈரக் கையால் பிடித்து முள்ளைக் கழற்றி விடுங்கள். முள் ஆழமாக இறங்கியிருந்தால் இழுக்காதீர்கள். வாய்க்கு அருகில் நரம்பை வெட்டிவிட்டு, மீதி நரம்பைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.